வயது நிரூபிக்கப்படாதவர்

எனக்கு வயது அறுபது. நான் சொல்கிறேன் என்பதற்காக நீங்கள் இதை நம்பிவிடக் கூடாது. நம்பினால், அடையாள அட்டைத் துறையில் முப்பத்தாறு வருடம் நான் பார்த்த வேலைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அட்டையைக் கேளுங்கள். திருப்பிப் பாருங்கள். காலாவதித் தேதி தாண்டியிருந்தால், என் வழுக்கையையும் மூக்குக் கண்ணாடியையும் மாடிப்படி ஏறும்போது முழங்காலில் கேட்கும் சத்தத்தையும் கண்டுகொள்ளாமல், என்னைச் சிறுவன் என்று முடிவு செய்யுங்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்று சொல்கிறது. அதை எழுதிய மகானுபாவன் நான்தான்.

நான் இருந்தது காலாவதிப் பிரிவில். கட்டடத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கு எதிரே. மூன்று மேசை, ஐந்து அலமாரி, மேசையோடு திருகி இறுக்கிய ஒரு துளையிடும் இயந்திரம். யாராவது புதுப்பிக்க வந்தால் பழைய அட்டையை வாங்கி, இயந்திரத்தில் செருகி, கைப்பிடியை அமுக்குவோம். ‘டக்’ என்று சத்தம் வரும். வலது மேல் மூலையில், எழுத்தே இல்லாத இடத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு துளை விழும். “ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க” என்று அவர்களிடமே கொடுத்துவிடுவோம். வாங்கிப்போக மறந்தவர்களின் அட்டைகள் ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக அலமாரியில் கிடக்கும். வருடக் கடைசியில் அவற்றை எண்ணி அழிக்க வேண்டும். ஆபீசில் எண்ண நேரம் கிடைக்காததால் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் பரப்பி எண்ணுவேன். முப்பத்தாறு வருடத்தில் நான் செய்த ஒரே விதிமீறல் அதுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பதினேழு வயதில், என் மகள் அந்தக் கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவிக்கொண்டு நடன கிளப் ஒன்றுக்குப் போயிருக்கிறாள். அட்டையின் சொந்தக்காரி முப்பத்தொரு வயது நர்ஸ். இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரே ஒற்றுமை, இருவருக்கும் மூக்கு இருந்தது. மூன்று சனிக்கிழமை நர்ஸாக உள்ளே போய்வந்தவள் நான்காவது சனிக்கிழமை வாசலில் மாட்டிக்கொண்டாள். எனக்குப் போன் வந்தது. போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க நான் அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“எந்தக் கட்டுலேர்ந்து எடுத்த?”

எதற்குப் போனாய் என்று கேட்கத் தோன்றவில்லை. மகள் அழுதுகொண்டு வருகிறாள், அப்பனுக்குக் கட்டு எண் வேண்டியிருக்கிறது. இப்போது நினைத்தால் என் காதை நானே திருகிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போனதும் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். காலாவதியான அட்டைகளை இளைஞர்கள் நடன கிளப்புகளில் வயதுச் சான்றாகக் காட்டுவது நாட்டின் எதிர்காலத்தை அரிக்கும் செயல் என்றும், இது பரவலாக நடப்பதாக நம்பத்தகுந்த தகவல் உள்ளதென்றும் தெரிவித்தேன். நம்பத்தகுந்த தகவல் என்றால் என் மகள். இதற்கு நான் சொன்ன மருந்து, துளையை இரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்குவது. அப்போது அது சரியாகப் பிறந்த வருடத்தின் மேல் விழும். வருடம் போய்விட்டால் வயது போய்விடும். மெக்கானிக் வந்து ஒரு திருகைத் தளர்த்தி இறக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்கு அனுமதி கொடுக்கக் கமிட்டி எட்டு மாதம் உட்கார்ந்தது. கூடவே பதினான்கு விதிகள் கொண்ட சுற்றறிக்கையும் வெளிவந்தது. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சமையலறையில் ஏற்கனவே ஓர் ஆணி இருந்ததால் என் மனைவி அதை அங்கே மாட்டினாள்.

ஓய்வு பெறும் நாளும் என் அட்டை காலாவதியாகும் நாளும் ஒரே செவ்வாய்க்கிழமையில் வந்தன. பிரிவே சுற்றி நிற்க, என் அட்டையை நானே இயந்திரத்தில் செருகிக் கைப்பிடியை அமுக்கினேன். ‘டக்.’ எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதிய அட்டை நாற்பத்தைந்து வேலை நாளில் தபாலில் வரும். அடிப்பதற்கு இரண்டு நாள்தான் ஆகும். கேட்டவுடன் கொடுத்தால் ஜனங்களுக்கு அட்டையின் மேல் மரியாதை வராது என்று அந்த நாற்பத்தைந்தைப் போட்டதும் நான்தான்.

பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, மகள் போன் செய்தாள். அவள் இப்போது டிஜே. உறவுக்காரர்கள் கேட்டால் நான் ‘மின்னணுத் துறை’ என்று சொல்லிவைத்திருந்தேன்.

“அப்பா, நாளைக்கு என்னோட முதல் ஷோ. அதே கிளப். சாயங்காலம் ஏழுலேர்ந்து எட்டு. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி சும்மா ஹாலைச் சூடு பண்ற நேரம்தான். வருவீங்களா?”

“வர்றேன்மா.”

“ஸ்கூல் ஆண்டு விழாவுக்கும் இதான் சொன்னீங்க. காலேஜ்ல பரிசு வாங்கினப்பவும் இதான் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு ஃபைல் வந்துடும். இந்தத் தடவை வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்பா. கோவத்துல சொல்லல. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போச்சு.”

“ஃபைல் எதுவும் கிடையாது. நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனே” என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பாவம், எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆறரைக்கெல்லாம் நானும் மனைவியும் போய்விட்டோம். ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் துணி வெளுக்கும் கடை, நடுவில் ஜன்னலே இல்லாத கறுப்புச் சுவர். வாசலில் கறுப்புச் சட்டையில் ஒரு காவலாளி நின்றார். கதவு அவருக்குப் பின்னால் இருக்கிறது என்று யூகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு அகலம். கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட படிக்கும் கண்ணாடி. மனைவியின் அட்டையை இயந்திரத்தில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. என் அட்டையை வைத்தார். சிவப்பு எரிந்து, உள்ளே எங்கோ ஒரு மணி அடித்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளை வழியாக அவருடைய ஒரு கண் என்னைப் பார்த்தது.

“தேதி இருக்கு, மாசம் இருக்கு, வருஷம் இல்லையே சார். பிறந்தநாள் வாழ்த்து வேணா சொல்லலாம். வயசு சொல்ல முடியாது.”

“என்னைப் பார்த்தா தெரியலையாப்பா?”

“தெரியுது சார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்து பொண்ணைக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போனீங்கல்ல? எனக்கு முகம் மறக்காது.”

எனக்குப் போன உயிர் வந்தது. “ஆமாம்பா, அதே ஆள்தான்! அப்பவே பெரியவனாச்சே!”

“அப்ப உங்களுக்கு வயசு இருந்துச்சு சார்” என்றார் அவர் வருத்தமாக. “இப்ப இல்ல.”

கதவில் சுற்றறிக்கை நாற்பத்தொன்று பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்காமலே ஒப்பித்தார். விதி மூன்று, காலாவதியான அட்டை வயதுச் சான்று ஆகாது. விதி நான்கு, வேறு எந்த ஆவணமும் ஏற்கப்படாது. விதி ஆறு, வயது நிரூபிக்கப்படாதவர் சிறார் எனக் கருதப்படுவார். விதி எட்டு, சிறாரைத் தனியே தெருவில் விடக் கூடாது, உறவினர் வரும்வரை சிறார் அறையில் வைத்திருக்க வேண்டும். ஒரு கால்புள்ளி கூடத் தவறவில்லை. இந்த நிலையிலும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மனைவி முன்னால் வந்தாள். “ஏங்க, நான் இவரோட சம்சாரம். நான் கையெழுத்துப் போடறேன், விடுங்க.”

காவலாளியின் முகம் மாறியது. “சம்சாரமா? மைனருக்கா? அம்மா, அப்ப இது வேற கேஸ். எத்தனை வயசுல இவரைக் கல்யாணம் பண்ணீங்கன்னு நான் எழுதணும். போலீசுக்கும் சொல்லணும்.”

முப்பத்தோரு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் ஒரு நிமிடம் யோசித்தாள். “எனக்கு இவர் யாருன்னே தெரியாது” என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரைக்குப் பின்னால் மறையும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மணி அடித்ததைக் கேட்டு வயது உறுதி அலுவலர் வந்தார். ஒவ்வொரு கிளப்பிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி இரண்டு. இருபத்திரண்டு வயதுப் பெண், கழுத்தில் டை, சட்டையில் பேட்ஜ். என்னைக் கண்டதும் குனிந்து, குழந்தைகளிடம் பேசும் குரலில், “பயப்படக் கூடாது, என்ன?” என்றார். பிறகு நிமிர்ந்து விளக்கம் கொடுத்தார்.

“வயசுங்கறது முகத்துல இல்ல, அட்டையில இருக்கு. முகம் ஏமாத்தும். வழுக்கையை யார் வேணா வரவழைச்சுக்கலாம், ஒரு ரேசர் போதும். நீங்க பெரியவர்னு எனக்கு நல்லாவே தெரியுது. ஆனா எனக்குத் தெரியறது விதிக்குத் தெரியாதே? நான் என் கண்ணை நம்ப ஆரம்பிச்சா அப்புறம் இங்க எனக்கு என்ன வேலை? மூணு மாசம் கோர்ஸ் படிச்சுட்டு வந்திருக்கேன். நாற்பத்தொண்ணுல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு. அதை எழுதினவர் ஒரு மேதை. எங்க புகுந்தாலும் வெளியே வர வழி கிடையாது.”

“அம்மா, அந்த மேதை நான்தான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார் அன்பாக.

சிறார் அறை முன்பு காலி பாட்டில் அடுக்கும் இடமாக இருந்திருக்க வேண்டும். பினாயில் வாசனையை மீறி பீர் வாசனை அடித்தது. சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம். ஒரு டப்பாவில் கலர் பென்சில்கள். வரிசையாக நான்கு நாற்காலிகள், ‘சிறார்க்கு உகந்த உயரத்தில், அதாவது இருபத்தெட்டு சென்டிமீட்டரில்.’ அளவு நான் கொடுத்தது. உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காது பக்கம் வந்துவிட்டன. அலுவலர் என் கையில் ஒரு ஜூஸ் பாக்கெட்டைக் கொடுத்து, ஸ்ட்ராவையும் அவரே குத்திக் கொடுத்தார்.

பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒட்டகச்சிவிங்கிக்கு நீலக்கலர் அடித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டராம். தங்கை மகன் பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்.

“அட்டை நேத்து முடிஞ்சுது. நாலரை மணிலேர்ந்து இருக்கேன். அம்மா வந்துட்டு இருக்காங்க, ரெண்டு பஸ் மாறணும். இந்தச் சட்டத்தை எழுதினவன் மட்டும் என் கையில சிக்கட்டும், மயக்க ஊசி போடாமலே கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவேன்” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு ஜூஸ் குடித்தேன்.

ஏழு மணிக்குச் சுவருக்கு அப்பால் சத்தம் ஆரம்பித்தது. முதலில் மெல்லிய தாளம், அதன் மேல் ஏதோ ஒன்று சேர்ந்தது, பிறகு இன்னொன்று. இதுவரை நான் அவள் வேலையைக் கேட்டதே இல்லை. மற்றவர்கள் பாடிய பாட்டுக்குப் பொத்தான் அமுக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். சுவரில் காதை வைத்தேன். அங்கே அவள் கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருப்பாள். அம்மா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாள். ‘இந்தத் தடவையும் ஃபைல்’ என்று முடிவு செய்திருப்பாள்.

பிரிவில் என்னிடம் இருபது வருடம் வேலை கற்றுக்கொண்டு இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உதவியாளருக்குப் போன் செய்தேன்.

“சார்! வணக்கம் சார்! உங்க அட்டை மூணாம் நாளே அடிச்சு வந்துடுச்சு சார். என் மேசையிலதான் இருக்கு. தினமும் தூசி தட்டி வைக்கிறேன்.”

“அடப்பாவி! அப்ப அனுப்ப வேண்டியதுதானே?”

“நாற்பத்தஞ்சு நாள் முடியாம எப்படி சார்?” அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. “தெரிஞ்சவங்கன்னு வந்தா ரெண்டு மடங்கு சந்தேகப்படணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? அதைச் சுவர்ல எழுதியே மாட்டியிருக்கேன். என்னைச் சோதிக்கத்தானே சார் போன் பண்ணீங்க?”

“ஆமாம்” என்றேன். வேறு என்ன சொல்வது? “சரி, இங்க இருக்கறவங்ககிட்ட நான் யாருன்னாவது சொல்லு.”

போனை அலுவலரிடம் கொடுத்தேன். அவர் கேட்டார், கண்கள் விரிந்தன, என்னைப் பார்த்தார், மறுபடி கேட்டார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் வெளுத்திருந்தது.

“அப்ப நாற்பத்தொண்ணை எழுதினது... வயசு நிரூபிக்கப்படாத ஒரு சிறுவன்னு ஆகுதே. மைனர் எழுதின சுற்றறிக்கை செல்லாதே. அது செல்லலைன்னா நீங்க மைனர் இல்ல. மைனர் இல்லைன்னா அது செல்லும். செல்லும்னா...” அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். “இந்தப் போனை நான் பேசவே இல்ல.”

பல் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீலப் பென்சில் கையில் அப்படியே நின்றது. என் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றியது அவருடைய அம்மாதான். சரியாக அந்த நேரத்தில் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். எண்பது தாண்டிய அம்மா. மகனை விட்டுத் தொலையுங்கள் என்று வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு தன் அட்டையை நீட்டினார். இயந்திரத்தில் சிவப்பு எரிந்தது. அதுவும் காலாவதி. காவலாளி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்தார். “ஆரஞ்சு ஜூஸா, ஆப்பிளா பாப்பா?” என்று அலுவலர் கேட்டார். அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை நான் இங்கே எழுத முடியாது.

மணி ஏழு இருபது. அலுவலர் ஒரு மைக்கோடு வந்தார். “விதி பத்து. கண்டெடுக்கப்பட்ட சிறாரைப் பத்தி ஒலிபெருக்கியில மூணு தடவை அறிவிக்கணும்.”

“வேணாம்மா. உள்ளே என் மகளோட முதல் ஷோ நடக்குது. பாட்டை நிறுத்திடாதீங்க. நான் வரலைன்னே அவ நினைச்சுக்கட்டும், பரவாயில்ல.”

இதை நான் மனதாரத்தான் சொன்னேன். இனி அவள் கூப்பிட மாட்டாள். நல்ல பிள்ளை, சொன்னால் சொன்னபடி செய்வாள், அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

“விதி பத்துல விருப்பம் கேட்கச் சொல்லலையே” என்றார் அலுவலர். சொல்லவில்லைதான்.

சுவருக்கு அப்பால் தாளம் நின்றது. அலுவலரின் குரல் கட்டடம் முழுக்க ஒலித்தது. “ஒரு சிறுவன் கண்டெடுக்கப்பட்டிருக்கிறான். வயது தெரியவில்லை. கட்டம் போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, தலையில் முடி இல்லை. அழவில்லை, ஆனால் அழக்கூடிய நிலையில் இருக்கிறான். ரத்த சம்பந்தமுள்ள பெரியவர்கள் வந்து கூட்டிச் செல்லவும்.”

அறிவிப்பு பாட்டின் பகுதி என்று நினைத்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாம் தடவை விசில் பறந்தது. மூன்றாம் தடவை ‘தலையில் முடி இல்லை’ என்பதை அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அடுத்த நிமிடம் கதவு திறந்து மகள் ஓடிவந்தாள். கழுத்தில் ஹெட்போன், நெற்றியில் வியர்வை. இருபத்தெட்டு சென்டிமீட்டர் நாற்காலியில், ஜூஸ் பாக்கெட்டும் கையுமாக என்னைப் பார்த்தாள்.

“வந்துட்டீங்களா?”

“ஆறரைக்கே வந்துட்டேன்மா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அலுவலரிடம் திரும்பினாள். “நீளமான டிராக் ஒண்ணு போட்டுட்டு வந்திருக்கேன். ஏழு நிமிஷம் இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?”

அலுவலர் படிவத்தை எடுத்தார். பதினான்கு கட்டம். என் தயாரிப்பு. ஆறு வருடம் முன்பு நான் கையெழுத்துப் போட்டது அரைத் தாள்தான். அது போதாது என்றுதான் இதை உருவாக்கினேன். அவள் தரையில் மண்டியிட்டு, கலர் பென்சில் டப்பா மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள்.

“சிறார் எந்த வகுப்பு?”

“ஓய்வு பெற்றாச்சு.”

“நிலையான பல் முளைச்சாச்சா?”

“முளைச்சு, மூணு விழுந்தும் போச்சு” என்று பல் டாக்டர் என் வாயை எட்டிப் பார்த்துச் சொன்னார்.

நான்கு நிமிடம் போய்விட்டது. பதினோராவது கட்டத்தில் அவள் பேனா நின்றது. ‘சிறார் இங்கு வந்த காரணம்.’ அந்தக் கட்டத்தைப் பக்கம் நிரம்ப வேண்டும் என்பதற்காக மட்டும் சேர்த்தேன். நாட்டில் எத்தனையோ பிள்ளைகளிடம் என் சார்பாக யார் யாரோ கேட்ட கேள்வி. நான் மட்டும் கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “எதுக்கு வந்தீங்க?”

“பாட்டு கேட்க” என்றேன். அப்புறம் சொன்னேன், “நீயும் அதுக்குத்தானே வந்த, அன்னைக்கு?”

அவள் தலையை ஆட்டினாள். கட்டத்தில் ‘பாட்டு கேட்க’ என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. என் கண்ணாடி வழியாகவும் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

“விதி பன்னிரண்டு” என்றார் அலுவலர், தாளில் முத்திரை குத்திக்கொண்டே. “வந்த வழியா திரும்பக் கூடாது. பாதுகாவலர் சிறாரோட கையைப் பிடிச்சபடியே வளாகத்தைக் கடந்து, வெளியேறும் கதவு வழியா போகணும். கையை விடக் கூடாது.”

“வெளியேறும் கதவு எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

காவலாளி தொண்டையைச் செருமினார். “ஹாலுக்கு அந்தப் பக்கம் சார். மேடையைத் தாண்டி.”

பதினெட்டு வயது ஆகாத ஒருவரை ஹாலுக்குள் விடவே கூடாது என்பதற்காகப் பதினான்கு விதி எழுதிய நான், பன்னிரண்டாவது விதியில் அவரை ஹாலின் நட்டநடுவே நடத்திப்போக ஏற்பாடு செய்திருக்கிறேன். என் ஆயுளில் எந்தக் கிளப்பையும் உள்ளே போய்ப் பார்த்தவன் இல்லை. ஆபீசுக்கு எதிரே இருந்த வங்கியை மனதில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

மகள் என் கையைப் பிடித்தாள். இருட்டு, நீல வெளிச்சம், ஒரு நாற்பது ஐம்பது பேர். உயரமான நாற்காலியில் என்னைத் தெரியாத என் மனைவி உட்கார்ந்து கையாட்டினாள். “முடி இல்லை!” என்று யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள். மேடைக்கு வந்ததும் மகள் நின்றாள். டிராக் முடிய இன்னும் அரை நிமிடம் இருந்தது. ஹெட்போனை ஒரு காதில் வைத்து, இடது கையால் பொத்தான்களைத் தொட்டாள். வலது கை என் கையில் இருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த அலுவலர் பதறினார். “மேடம், வளாகத்தைக் கடக்கணும்!”

“கடந்துட்டுதான் இருக்கோம்” என்றாள் மகள். “எவ்வளவு நேரத்துல கடக்கணும்னு போட்டிருக்கா?”

அலுவலர் சுற்றறிக்கையைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். போடவில்லை. மறந்துவிட்டேன்.

எட்டு மணி வரை நாங்கள் வளாகத்தைக் கடந்தோம். நடுவில் அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. என் கையை விடாமல், என் விரலை எடுத்து ஒரு சின்னக் குமிழ் மேல் வைத்தாள். “மெதுவா மேலே தள்ளுங்க. அமுக்காதீங்க. மெதுவா.” முப்பத்தாறு வருடம் கைப்பிடியை அமுக்கிப் பழகிய கை. பயந்துகொண்டே தள்ளினேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது, கூட்டம் அதனோடு எழுந்தது. நான் செய்த வேலையால் நாலு பேர் சந்தோஷப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியேறும் கதவைத் தாண்டியதும் அவள் கையை விட்டாள்.

“அடுத்த சனிக்கிழமையும் ஏழு மணிக்கு” என்றாள். “அட்டை எப்ப வரும்?”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். இன்னும் முப்பத்தேழு வேலை நாள். நடுவில் ஏழு சனிக்கிழமை.

“வந்தா சொல்றேன்” என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் உதவியாளரிடமிருந்து போன் வந்தது. இரண்டு நாளாக அவருக்குத் தூக்கமே இல்லையாம். எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விதியைத் தளர்த்தி அட்டையை இன்றைக்கே நேரில் கொண்டுவந்து கொடுத்துவிடத் தீர்மானித்திருக்கிறாராம்.

“அதெல்லாம் கூடவே கூடாது” என்றேன் கண்டிப்பாக. “நாற்பத்தஞ்சுன்னா நாற்பத்தஞ்சு. ஒரு நாள் முன்னாடி வந்தாலும் வாங்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சார், நீங்க மாறவே இல்ல சார்” என்றார்.